பார் நோட்டு

புன்னக்காயலிலிருந்து வந்திருந்த டெல்பின் மேசைமேல் வைத்த ரசீதைத் துணை நூலகர் சித்ரலேகா இரண்டு தடவை படித்தாள்.

சேரன்மகாதேவிப் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய முத்திரை. கீழே மங்கிய மை: 'புன்னக்காயல் பர்னபாஸ் அவர்களிடமிருந்து நன்கொடையாகப் பெற்றது. கையெழுத்து நோட்டு ஒன்று. தலைப்பு: பார் விவரம்.'

"எங்கப்பா எழுதுனது மேடம். இப்பம் அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. வாசிச்சுக் காட்டுன்னு ஒரே நச்சரிப்பு. போன்ல படம் பிடிச்சிட்டுப் போயிருதேன்."

தேடவே தேவையில்லை. அது எங்கே போனதென்று சித்ரலேகாவுக்குத் தெரியும்.

போன வருஷம் அலமாரிகளில் இடமில்லை. மூன்றே நாளில் நாலாயிரம் புத்தகங்களைக் கழிக்க உத்தரவு. அட்டெண்டர் செந்தில்முருகன் ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினான்.

"மேடம், ஒயின்ஷாப் கணக்கையும் நன்கொடைன்னு குடுத்திருக்காவ! பார் விவரமாம்லா?"

அவளும் சிரித்தாள். திறந்துகூடப் பார்க்காமல் கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் லாரி ஏறி, காகித ஆலையில் கூழாகிவிட்டது.

"உள்ள என்னம்மா எழுதியிருந்தது?"

"கடலுக்கடியில பாறை கிடக்கும்லா, அதான் பாரு. மீனு அங்கனதான் அடையும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேரு. வள்ளத்துல இருந்து பாக்கும்போது கரையில எதும் எதும் ஒரே நேர்ல தெரிஞ்சா கீழ அது இருக்கும்னு நாப்பத்தொரு பாருக்கு எழுதியிருக்காரு."

'தேடி வைக்கிறேன், அடுத்த மாசம் வாங்க.' அந்த ஒரு வரி போதும். இரண்டு தடவை அலைவாள், பிறகு வரமாட்டாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நோட்டு இல்லம்மா. நான்தான் கழிச்சுப் போட்டேன். பார்னா சாராயக் கடைன்னு நெனச்சிட்டேன்."

டெல்பின் கத்தவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினாள்.

"அப்பாட்ட நீங்களே சொல்லுங்க. என்னால ஏலாது."

சித்ரலேகா சொன்னாள். மறுமுனையில் இருமல் மாதிரி ஒரு சிரிப்பு.

"சாராயக் கடையா? நல்லாருக்கே தாயி! எங்கப்பா குடிச்சதெல்லாம் கடத்தண்ணி. முங்கி முங்கித்தான் அம்புட்டுப் பாரையும் கண்டுபிடிச்சாரு, நான் எழுதி வச்சேன்." சிரிப்பு நின்றது. "வீட்டுல கெடந்தா கரையான் அரிச்சிரும்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்."

சித்ரலேகா வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, ஞாபகம் இருக்கத சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

"எழுதுங்க. சின்னம்மா பாரு. மாதா கோயில் கோபுரமும் ஒத்தப்பனையும் ஒண்ணாத் தெரியணும். அடுத்தது மொட்டைப் பாரு. அதுக்கு..."

பேனா காத்திருந்தது.

"அதுக்கு... பைய வரும், பொறுங்க."

வரவில்லை.

"நோட்டுல இருக்கும் தாயி, எடுத்துப் பாருங்க," என்றார் பர்னபாஸ், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் போனை யாரும் வைக்கவில்லை.