ஒன்பது நாள் புகை

முத்துப்பேச்சி வாய் திறந்து பேசினால் சாம்பல் நிறத்தில் புகை வரும். தாவணி முந்தியைச் சுருட்டி வாயில் அடைத்தபடி அவள் ஒன்பதாம் நம்பர் ஷெட்டை நோக்கி ஓடினாள். பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. ஆனால் ஒன்பதாம் ஷெட்டில் அவள் அண்ணன் கருப்பணன் இந்நேரம் கந்தகத்தைச் சலித்து முடித்திருப்பான். அடுத்து உப்பு. அது விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் பேச வேண்டும். பேசினால் இருவருக்கும் வேலை போய்விடும்.

வேப்பமரத்தடியில் போர்மேன் பெத்தணன் கையை விரித்து மறித்தார்.

"ஏளா, என்ன ஓட்டம்? பாம்பு கீம்பு கண்டியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வாயில என்னத்த அடச்சு வச்சிருக்க? கடலமுட்டாயா? எடு, பாப்பம்."

அந்தக் கம்பெனியில் வாயைத் திறந்து காட்டச் சொல்வது மூன்று வருடப் பழக்கம். 1958இல் முதலாளி சங்கரலிங்கம் கப்பலில் ஒரு புத்தகம் வரவழைத்தார். வாண மருந்துகளைச் சோதித்துப் பார்த்து வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுதியது. அறுநூறு பக்கம், மூலையில் எலி கடித்திருந்தது. அதைத் தமிழில் நோட்டுப் போட்டு எழுத, ரசாயனம் படித்த சீனிவாசகம் சார் வேலைக்கு வந்தார். சிவப்பு நிறத்துக்கான பக்கத்தை முடித்துவிட்டு வெளியே வந்து "ஒரு காப்பி சொல்லுங்க" என்றபோது அவர் வாயிலிருந்து சிவப்புப் புகை வந்தது. பீடி குடிப்பவருக்கு விலகுவதுபோல் ஆபீஸ்காரர்கள் கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்கள். விருதுநகர் டாக்டர் தொண்டையில் டிஞ்சர் தடவினார். ஒன்பது நாள் கழித்துத் தானாக நின்றது. எந்தப் பக்கத்தை யார் படித்தாலும் அப்படித்தான். அந்தப் பக்கத்தின் நிறம், பேசும்போது மட்டும், ஒன்பது நாள். சார் நோட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். முதலாளி நோட்டைப் பூட்டி வைக்கவே இல்லை. வாசலில் பீடி, தீப்பெட்டிக்கு மடியைத் தடவிப் பார்ப்பதோடு, சாயங்காலம் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அறுபதாம் வருட சீசனில் ராக்கப்பன் தன் பெயரைச் சொன்னபோது பச்சையாக வந்தது. முறுக்கு மடிக்கத் தாள் தேடினேன் என்று அவன் அழுததை யாரும் நம்பவில்லை. நோட்டில் இருந்ததை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டான் என்று வேலையைவிட்டு நிறுத்தினார்கள். சாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் அவனைச் சன்னலோரம் உட்காரவைத்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அதன்பின் கம்பெனியில் யாரும் கையால் மறைக்காமல் கொட்டாவி விடவில்லை. எதிராளியின் வாயைப் பார்த்துக்கொண்டேதான் பேச்சு.

அறுபத்தொன்று புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை, நாலாம் ஷெட்டில் மருந்து கலக்கும்போது வெடித்து ஒச்சப்பன் செத்துப்போனார். கூரை ஓடு திருத்தங்கல் ரோட்டில் கிடந்தது. அன்றிலிருந்து முதலாளி பேசவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டினார். துக்கம் தாளாமல் அம்மனுக்கு மௌன விரதம் இருக்கிறார் என்று ஊரே உருகியது.

நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், ஆபீஸைப் பெருக்கப் போன பேச்சியின் கண்ணில் விரித்துக் கிடந்த நோட்டு பட்டது. எட்டாவது வரை படித்தவள். பார்த்தால் படித்துவிடும் கண். 'குளோரேட் உப்பைக் கந்தகத்தோடு சேர்க்கவே கூடாது. தீ வைக்காமலே பற்றும்.' மற்ற பக்கங்களிலெல்லாம் சார் வெறுமனே உப்பு என்றுதான் எழுதியிருந்தார். அவர் நினைத்தது வெடியுப்பை. கம்பெனியிலோ வெள்ளையாக எது வந்து இறங்கினாலும் உப்புதான். வெடியுப்பு லோடு வராததால் சாத்தூர்த் தீப்பெட்டிக்காரர்களிடம் சில டிரம் வாங்கியிருந்தார்கள். முதல் டிரம் நாலாம் ஷெட்டுக்குப் போனது. அடுத்தது நேற்று ஒன்பதாம் ஷெட்டில் இறங்கியது. அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனபோது அதன்மேல் இருந்த இங்கிலீஷைப் பேச்சி எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். குளோரேட்.

வேப்பமரத்தடியில், பெத்தணன் முன்னால், அவள் முந்தியைத் துப்பினாள்.

"அண்ணே! உப்பப் போட்டுறாத! அது வேற உப்பு!"

புகை வேப்பமரத்துக்கு மேலே போனது. கையில் உப்புப் படியோடு கருப்பணன் ஷெட் வாசலுக்கு வந்து நின்றான்.

"அடிப்பாவி, நோட்டப் படிச்சிட்டியா?" பெத்தணன் அவள் கையைப் பிடித்தார். "எவன்கிட்ட விக்கப் போற? சொல்லு!"

"விக்கல அண்ணாச்சி. அந்த டிரம்முல இருக்கது குளோரேட்டு. கந்தகத்துல பட்டா தன்னால பத்திக்கிடுமாம். எளுதிருக்கு."

"ஒன்னய யாருளா வாசிக்கச் சொன்னது?"

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். கழுத்தில் சிலேட்டு தொங்கியது. பேச்சியின் வாயைப் பார்த்ததும் விரதத்தை மறந்துவிட்டார்.

"ஏலே பெத்தணா, அந்தக் களுதைய வெளிய தள்ளுலே!"

அவர் வாயிலிருந்தும் சாம்பல் நிறப் புகை வந்தது. அதே நிறம், அதே கந்தக வாடை. இரண்டு புகையும் முற்றத்தில் ஒன்றாகச் சேர்ந்து மதில் தாண்டிக் கிழக்கே போயின. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெத்தணன் பேச்சியின் கையை மெதுவாக விட்டார். கருப்பணன் படியைத் தரையில் வைத்தான்.

முதலாளி வாயை மூடிக்கொண்டு சிலேட்டில் எழுதினார்: 'டிரம்மைத் திருப்பி அனுப்பு.' கீழே இடம் இருந்ததால் இன்னொன்றும் எழுதினார்: 'இனிமேல் வாய்ச் சோதனை வேண்டாம்.'

வெடியுப்பு லோடு வந்தது. தீபாவளி ஆர்டர்கள் போய்ச் சேர்ந்தன. வாசலோரம் லேபிள் ஒட்டும் பேச்சி பேசினால் புகை வந்தது, மற்றவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள், ஒன்பதாம் நாள் நின்றது. முதலாளி என்று பேசத் தொடங்குகிறார் என்று பார்த்திருந்தால், அந்தப் பக்கத்தை அவர் நாலாம் ஷெட் வெடிப்பதற்கு முன்னால் படித்தாரா, பின்னால் படித்தாரா என்று பின்னோக்கி எண்ணிவிடலாம். அவர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விரதத்தை நீட்டினார்.

ஒச்சப்பனின் பதினாறாம் நாள் முடிந்து, பேச்சி அவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனாள். அவர் மனைவி அய்யம்மாள் அரிசியை வாங்கவில்லை. பேச்சியின் வாயையே பார்த்தாள்.

"நீ வாசல்லதான இருப்ப. அந்த வெள்ளிக்கிளம காலைல எங்க வீட்டுக்காரக உள்ள போகையில, மொதலாளி ஏதும் பேசுனாகளா?"

பேச்சி நினைத்துப் பார்த்தாள். "வாரேன் மொதலாளி" என்று ஒச்சப்பன் சொன்னார். முதலாளி கையைத் தூக்கினார். கை நன்றாக நினைவிருந்தது, மோதிரம்கூட.

வாய் திறந்ததா?