வாழ்த்துக்கு ஆகாத வாய்

தேங்காய் திருவிக்கொண்டிருந்த தங்கரத்தினத்தின் கை அப்படியே நின்றது. சந்திக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் 'காலை வாழ்த்து' தொடங்கிவிட்டது. ஆனால் பேசுவது அவளுடைய மகள் இல்லை. மகள் சிவரூபினி வேலைக்குப் போகிற உடுப்போடு, தலை பின்னி, பொட்டு வைத்து, குசினி வாசலில் நிற்கிறாள்.

"இதாருடி கதைக்கிற?"

"சுஜித்தா."

"அவள் செய்தி வாசிக்கிறவளெல்லா. உன்ட நேரத்தில அவளுக்கென்ன வேலை?"

"இண்டைக்கு வரவேணாம், தான் வீட்டுக்கு வந்து கதைக்கிறன் எண்டு சேர் போன் எடுத்தவர்."

"வீட்டுக்கு வந்து கதைக்க என்ன கிடக்கு?"

பெட்டியில் சுஜித்தா யாரோ ஒரு குழந்தையை நூறாண்டு வாழச் சொல்லிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் குந்தியிருந்த தகப்பன் சாமித்தம்பி பறையின் வாரை இழுத்துக் கட்டுவதில் கண்ணாக இருந்தார். அவர் நிமிரவேயில்லை. நிமிராமல் இருப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டம் அது. வெள்ளைக்காரன் எல்லா வீட்டையும் ஒரே அளவில்தான் கட்டினான். யார் எங்கே இருப்பது என்பதை ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பறை அடிக்கிற குடும்பங்களுக்குச் பிணம் புதைக்கிற சவக்காலையை ஒட்டிய கடைசி வீடுகள் விழுந்தன. சீட்டுக் குலுக்கித்தான் விழுந்தது என்று சொன்னார்கள்.

அதே காலத்தில் வந்ததுதான் 'கரைக்குரல்' வானொலியும். காற்றில் ஒலிபரப்ப அனுமதி கிடைக்காததால் கல்முனையில் ஒரு மாடி அறையிலிருந்து கம்பி இழுத்தார்கள். சந்தை, பஸ் தரிப்பிடம், பள்ளிவாசல் வீதி, கோயில் முகப்பு, வீட்டுத்திட்டம் என்று கம்பத்துக்குக் கம்பம் பெட்டி கட்டினார்கள். தமிழனும் முஸ்லிமான சோனகனும் ஒருவர் ஊரைத் தாண்ட மற்றவர் பயந்திருந்த நாட்களில் இரண்டு சனமும் அந்த ஒரு அறைக்குள் இருந்து வேலை செய்தது. அந்தப் பெருமையை மறுக்க முடியாது. வாசலில் பெரிய படம் ஒன்று தொங்கியது: 'எல்லோருக்கும் ஒரு குரல்'. படத்தில் மைக்கின் முன்னால் சிரிப்பவள் சிவரூபினி.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நிலையப் பொறுப்பாளர் முத்தலிப் பிஸ்கட் பெட்டி ஒன்றோடு இறங்கினார். தங்கரத்தினம் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். இந்த வீட்டில் தேத்தண்ணி குடித்த முதல் உத்தியோகத்தர் அவர். முன்னொரு தடவை குடித்த ஒரு கோப்பைக்காகவே அவரை நல்ல மனிசன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். நல்ல மனிசன்தான். சாதி பார்க்காதவர். பார்க்கிறவர்களுக்கு மனம் நோகாமலும் பார்த்துக்கொள்பவர்.

"தங்கச்சி, கோவிக்காமக் கேளு," என்று தொடங்கினார். "செவ்வாக்கிழமை நீ சின்னப்போடியார்ர பேரப்புள்ளைக்குப் பொறந்தநாள் வாழ்த்து வாசிச்சாய்தானே. மறுநாள் புள்ளைக்குக் காய்ச்சலாம்."

சின்னப்போடி என்கிற அந்த நிலக்காரர், பிள்ளையார் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிர்வாகமும் கோயில் வயலும் அவர் கையில். கோயில் முகப்பில் தொங்கிய பெட்டிக்குக் கீழேதான் அவர் காலையில் வெற்றிலை போடுவார்.

"காய்ச்சலுக்கு மருந்து குடுத்தாங்களா, இல்லாட்டி எங்கட புள்ளைய ஏசி இறக்கினாங்களா?" என்றாள் தங்கரத்தினம்.

"நான் செல்றத முழுக்கக் கேளுங்க. சாவுக்கு அடிக்கிறவன்ட மகள்ர வாயால எங்கட குழந்தைக்கு ஆயுசு சொல்றதோ எண்டு கேக்காரு. கோயில் பெட்டிய இண்டைக்கே கழட்டப் போறாங்களாம். ஒண்டு கழண்டா மத்த ஊர்க் கோயிலெல்லாம் கழட்டும். பொறகு ரேடியோ எங்க?"

"அப்ப என்ட நேரம்?" என்றாள் ரூபினி.

"நேரம் எங்கயும் போகல்ல. சும்மா மாறுது. பின்னேரம் மரண அறிவித்தல் போகுதெல்லா, அத நீ எடு. சம்பளம் அதேதான்."

"ஆக்கள் பிறக்கிறதை நான் சொல்லப்படா. சாகிறதைச் சொல்லலாம்."

"அப்பிடிச் செல்லாத தங்கச்சி. ஒண்ட குரல்ல ஒரு துக்கம் இரிக்கி. அது எல்லாருக்கும் வராது."

தங்கரத்தினம் திருவலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "தம்பி, கடல் வந்த அண்டைக்கு அந்தப் போடியார்ர பொஞ்சாதிய முள்ளுக்கம்பிக்குள்ள இருந்து எடுத்துத் தோள்ல போட்டுக்கொண்டு வந்தது இந்தா குந்தியிருக்கிற மனிசன். அண்டைக்குத் தீட்டில்லியா?"

"சவத்தைத்தானேகா தூக்கின," என்றார் சாமித்தம்பி, முதல் தடவையாக வாயைத் திறந்து. "அது நம்மட வேலைதானே. கலியாணத்துக்கு நம்மள எப்ப கூப்பிட்ட? விடு. சம்பளம் குறையாதெண்டு சொல்றார், புள்ள போகட்டும்."

முத்தலிப் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல தேத்தண்ணி என்றும் சொன்னார்.

ரூபினி போனாள். போகாமல் வீட்டில் இருந்தால் சோறு யார் போடுவது? பின்னேரத்தில் மைக்கின் முன் இருந்து, பிறப்பிடமாகக் கொண்டவரும், வசிப்பிடமாகக் கொண்டவரும், அன்புக் கணவரும், பாசமிகு தாயாரும் காலமான செய்தியை உற்றார் உறவினர்க்கு அறியத் தந்தாள். அவள் நன்றாக வாசித்தாள் என்பதுதான் கேடு. சனத்துக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் வாசிக்க வேண்டும் என்று செத்தவீட்டுக்காரர் கேட்டு வரத் தொடங்கினார்கள். வீதியில் இளவட்டங்கள் அவளுக்குப் 'பாடைக்குயில்' என்று பேர் வைத்தார்கள். கல்முனைச் சந்தையில் அவள் சூடை மீன் என்ன விலை என்று கேட்டபோது, மீன்காரர் றஸாக் நெஞ்சில் கை வைத்தார்.

"யா அல்லாஹ், அந்தக் குரலு! ஆரு புள்ள மௌத்து?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு மீனை வாங்கினாள். வரும் வழி முழுக்க அந்தச் சிரிப்பு வாய்க்குள் புளித்தது.

நிலையத்துக்குள் வேறொரு கூத்து. மைக்குக்குப் போடுகிற பஞ்சுத் தொப்பி முன்பு ஒன்றுதான் இருந்தது. ரூபினி வாசித்த மைக்கில் வாழ்த்துச் சொல்லச் சுஜித்தா முகம் சுழித்தாள். அடுத்த கிழமை முத்தலிப் இரண்டு தொப்பி வாங்கி வந்தார். மஞ்சள் வாழ்த்துக்கு, கறுப்பு மரணத்துக்கு. சளி காய்ச்சல் பரவுகிற காலம், இது சுகாதாரம் என்று விளக்கமும் சொன்னார். ஒலிக்கலவை மேசையில் இருக்கிற மருதமுனைப் பெண் சஹ்லா மட்டும் கேட்டாள்:

"அப்ப எங்களுக்குப் பச்சைத் தொப்பி வருமா சேர்?"

அவர் கேளாததுபோல் போய்விட்டார்.

அந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். வன்னியில் செத்த மகனின் பேரை ஒருக்காப் பெட்டியில் சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். முத்தலிப் கதவைச் சாத்திவிட்டு, "அந்தச் சாவு வேணாம் உம்மா, பொறகு எங்களத் தேடி வருவாங்க," என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார். பயம் எல்லாருக்கும் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் படியிறங்கும்போது வாசலில் அந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தது, சிரித்தபடி.

பிறகு ஒரு நாள் மத்தியானம் சின்னப்போடி வான் வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் எழுதிய தாள். அவருடைய தாய் காலையில் போய்விட்டாள். முத்தலிப் ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போட்டார். சுஜித்தா எழுந்து நின்றாள்.

"சாமித்தம்பிட மகள் எங்க?" என்று வண்ணக்கர் கேட்டார். இரண்டு வருடமாக அவருடைய பெட்டியில் பேசுகிறவளுக்குப் பேர் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. "அவள்தான் வாசிக்க வேணும். பறை மேளத்துக்குத் தகப்பன்ட்ட ஆள் அனுப்பியிருக்கன். எங்கட குடி வம்சத்துக்கெண்டு ஒரு முறை கிடக்கு முத்தலிப். சாவுக்கு இத்தனை மேளம், இத்தனை வெள்ளைத் துணி எண்டு. இப்ப இதுவும் அதில ஒண்டாப் போச்சு. மத்தக் குடி வம்சத்து ஆக்கள் பின்னால கதைக்கப்படா, வண்ணக்கர்ர தாய்க்கு வரிசை குறைஞ்சதெண்டு. இண்டைக்கு வேற ஆருக்கும் இவள் வாசிக்கவும்படா."

ரூபினிக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அவள் படித்த படிப்பு, மாடி அறை, மைக், கம்பி, வெள்ளைக்காரன் காசு எல்லாம் சுற்றிவளைத்து வந்து அவளை அப்பாவின் பறைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டிருந்தன.

"வாசிக்கிறன் போடியார்," என்றாள். "நாளைக்குக் காலமை வாழ்த்தும் நான்தான் வாசிப்பன்."

சின்னப்போடி சால்வையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"அது வேற, இது வேற," என்றார் சின்னப்போடி.

"வாய் ஒண்டுதானே போடியார்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. முத்தலிப்பைப் பார்த்தார். "என்ன இது? உன்ட இடத்தில இப்பிடித்தான் கதைப்பாளுகளோ?"

"தங்கச்சி, மையத்து வீட்டுக்காரர்," என்று முத்தலிப் குரலை இறக்கினார். "இப்ப வாசி. வாழ்த்தப் பத்திப் பொறகு இருந்து கதைப்பம்."

"வாழ்த்து எனக்கெண்டு இப்பவே அவருக்கு முன்னால சொல்லுங்க சேர். வாசிக்கிறன்."

முத்தலிப் வண்ணக்கரின் முகத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். ரூபினி கறுப்புத் தொப்பியை மைக்கிலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ இப்ப போனா நாளைக்கு வரத் தேவல்ல," என்றார் முத்தலிப். அந்தக் குரலில் துக்கம் எதுவும் இருக்கவில்லை.

"சரி சேர்."

தாள் சுஜித்தாவிடம் போனது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்குக் கலியாணம் பேசியிருக்கு சேர். சாவு வாசிச்சனெண்டு தெரிஞ்சா அம்மா கொண்டுபோடுவா."

"சரி, தாங்க, நானே வாசிக்கன்," என்று முத்தலிப் கையை நீட்டினார்.

சின்னப்போடி தாளைப் பின்னுக்கு இழுத்தார். "உனக்கென்ன விசரா? என்ட தாய்ர சாவைச் சோனகன் வாசிக்கிறதோ? சனம் காறித் துப்பும்."

இத்தனை காலம் இந்த மனிசரின் மனம் நோகாமல் பார்த்த முத்தலிப்பின் முகம் செத்துப்போனது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னையும் பாக்காதீங்க போடியார்," என்றாள் சஹ்லா மேசையிலிருந்து. "நானும் சோனகர்தான்."

எல்லோருக்கும் குரல் கொடுத்த வானொலியில் ஒரு கிழவியின் சாவைச் சொல்ல ஒரு வாய் இல்லை. அடக்கம் பொழுது சாயுமுன் நடக்க வேண்டும். மற்றக் குடிகளைச் சேர்ந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு பெட்டிகளின் கீழ் நிற்பார்கள். சின்னப்போடி தாளைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"தாய்க்கு மகன் அறிவிச்சாத் தீட்டில்லத்தானே," என்று சொல்லிவிட்டு ரூபினி படியிறங்கினாள்.

பின்னால் சஹ்லாவின் குரல் கேட்டது. "குந்துங்க போடியார். சிவப்பு லைட் எரிஞ்சாக் கதைங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தையைக் கடக்கும்போது முதல் பெட்டி கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு வண்ணக்கரின் குரல். கோயில் கூட்டங்களில் உறுமுகிற அந்தக் குரல் எழுத்துக்கூட்டி நடுங்கியது. அடுத்த கம்பத்தில் தாயின் பேரைச் சொன்னார். பஸ் தரிப்பிடத்தில் அன்னாரின் அன்பு மகன் என்று தன் பேரையே சொல்ல வந்து, சொல்ல முடியாமல், "அது நான்தான்," என்றார். மீன் வெட்டிய கத்தியோடு சந்தையிலிருந்து ஓடிவந்த றஸாக் அங்கே வாயைப் பிளந்து நின்றார். அவள் மிதித்துக்கொண்டே போனாள். குரல் கம்பத்துக்குக் கம்பம் அவளைத் துரத்திக்கொண்டு வந்தது. பள்ளிவாசல் வீதியில் அழுகை கலந்தது. தாயை இழந்தவனின் அழுகைதான், பொய்யில்லை. அவளுக்கு அதில் சந்தோசம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை.

கடைசியில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கேட்டன: "முத்தலிப், இனி நிப்பாட்டவா?"

வீட்டு வாசலில் போடியார் வீட்டு ஆள் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நின்றான். சாமித்தம்பி முற்றத்தில் நின்றார். பறை உள்ளே ஆணியில் தொங்கியது.

"வாவன் சாமித்தம்பி, சுணங்குது. அங்க எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்காங்க."

"போடியாரே அறிவிச்சிட்டாரே," என்றார் சாமித்தம்பி. இந்தத் தடவை நிமிர்ந்துதான் நின்றார். "இனி நான் எதுக்கு? நான் வரல்ல எண்டு சொல்லு."

வந்தவன் ஏசிவிட்டுப் போனான். இதற்கு நாளைக்கு என்ன வரும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"வேலை போயிற்றும்மா," என்றாள் ரூபினி, சைக்கிளைச் சுவரில் சாத்தியபடி.

தங்கரத்தினம் சந்திக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"போனாப் போகட்டும். அந்த மனிசன்ட குரல்ல ஒரு துக்கம் இருக்குகா," என்றாள். "எல்லாருக்கும் வராது. முத்தலிப் தம்பிக்கிட்டச் சொல்லு, அந்த வேலைக்கு அவரையே வைச்சுக்கொள்ளட்டும்."