மொட்டை ராஜாவும் கோமளத்தின் விசிலும்

கோமளவல்லியின் கழுத்தில் பொன் கிடையாது. கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் அதை ஒரு தரம் ஊதினால் காடு மேலே போய் அரண்மனை இறங்கும். இன்னொரு தரம் ஊதினால் அரண்மனை போய்ச் சிறைச்சாலை வரும்.

குமரவிலாச நாடக சபாவில் மேடைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அவள் பொறுப்பு. எந்தப் படுதா எப்போது ஏற வேண்டும், எந்த பெட்ரோமாக்ஸை எப்போது மங்கலாக்க வேண்டும், ராஜாவின் வாள் அதன் இடத்தில் இருக்கிறதா, மந்திரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டாரா என்பது வரை அவள்தான் பார்க்க வேண்டும். சிறுமியாக இருந்தபோது பாலபார்ட் போட வந்தவள். ஆனால் வெளிச்சத்தில் நின்று வசனம் பேசுவதைவிட, ஓரத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரையும் சரியான நேரத்தில் உள்ளே தள்ளிவிடுவதில்தான் அவளுக்கு ருசி. பழைய மேனேஜர் பட்டாளத்துக்குப் போனபோது முதலாளி தேசப்பன் விசிலை அவள் கையில் கொடுத்தார். ஒரு பொம்பளை விசில் அடித்து நாங்கள் கயிறு இழுப்பதா என்று படுதாக்காரர்கள் கொஞ்ச நாள் முனகினார்கள். அப்புறம் அவள் விசில் இல்லாமல் அவர்களுக்குக் கையே எழவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடிக் கிருத்திகைக்குச் சபா திருத்தணியில் கொட்டகை போட்டது. ரயிலடிக்குப் பக்கத்து மைதானம். ரயிலிலும் வண்டியிலும் ஜனங்கள் வந்து இறங்கியபடி இருந்தார்கள். தோளில் காவடி, இடுப்பில் மஞ்சள் துணி. மலையேறிப் போகிறவர்கள் முடியோடு போய், மொட்டையும் சந்தனமுமாக இறங்கி வந்தார்கள். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக நாடகத்தை விளக்கு வைத்ததுமே ஆரம்பித்துவிடுவது என்று ஏற்பாடு.

கொட்டகை எழும்பிய கையோடு ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தேசப்பனைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க பசங்க ஒரு நாடகம் கத்துகினு இருக்காங்க. பள்ளிக்கூடத்துல மேடை இல்லீங்க. ஒரு சாயங்காலம் உங்க கொட்டகைய உட்டீங்கன்னா…"

தேசப்பன் காதைச் சொறிந்தார். "ஒங்க பள்ளிக்கூடத்துல பெஞ்சு இருக்குதுங்களா?"

"நெறைய இருக்குதுங்க."

"அப்ப பெஞ்ச அனுப்புங்க, கொட்டகைய எடுத்துக்கோங்க. எங்க கோமளம் கூட இருந்து பாத்துக்கும்."

இப்படித்தான் கோமளத்தின் தலையில் அந்தப் பையன்கள் வந்து விழுந்தார்கள். பஞ்சம் வந்த நாட்டில் ஏரி வெட்டிய ராஜாவைப் பற்றிய நாடகம். தமிழ் வாத்தியாரே எழுதியது. ராஜா வேஷம் பக்தவச்சலத்துக்கு. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, கணீரென்ற குரல், ஆனால் நடந்தால் தன் கால் தன்னையே தடுக்கும். கடைசிக் காட்சியில் வெட்டின ஏரியில் தண்ணீர் ஊறுவதைக் காட்ட, கோமளம் சலவைக்காரர் வீட்டிலிருந்து பெரிய தொட்டி ஒன்றை வாங்கி வந்து, சுற்றிலும் புல்கட்டு அடுக்கி மறைத்தாள். முடிவில் மழை பெய்ய வேண்டும் என்று பையன்கள் கெஞ்சினார்கள். மேலே குறுக்கு மூங்கிலில் படுதாக்காரர் ஒருவரைப் பூவாளியோடு உட்காரவைத்தாள். சபாவின் ஒரே ஆண் டோப்பாவையும் பக்தவச்சலத்துக்குக் கொடுத்தாள். தோள் வரை விழும் முடி, சணல் நாரில் மை ஏற்றிச் செய்தது. சபாவுக்கு அது தேவைப்படுவதே இல்லை. ராஜபார்ட் சுந்தரமூர்த்திக்குச் சொந்த முடியே தோளில் புரளும். அந்தச் சுருளைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு.

கிருத்திகைக்கு மறுநாள். வெயில் தாழ்ந்ததும் பையன்கள் நாடகம், அதை அடுத்துச் சபாவின் நாடகம் என்று ஏற்பாடு. கொட்டகை நிறைந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் கோமளம் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு பையன் படுதாவை விலக்கி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீ ஜனங்களப் பாத்தா ஜனங்களும் உன்னப் பாக்கும். உள்ள வா."

"எங்கம்மா வந்திருக்குதான்னு பாக்கறேங்க்கா."

"வந்திருக்கும். நீ மேடைக்குப் போ, அது உன்னப் பாக்கட்டும்."

பாதி நாடகம் ஒழுங்காகத்தான் போயிற்று. மந்திரி மறந்த வசனத்தைக் கோமளம் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூலிக்காரனாக வந்தவன் பெற்றோரைப் பார்த்துக் கையசைத்தபோது பல்லைக் கடித்தாள். கடைசிக் காட்சி வந்தது. பக்தவச்சலம் ஏரிக்கரையில் நின்று, "என் குடிகளே, இதோ தண்ணீர்!" என்று கையை வீசினான். அங்கவஸ்திரம் காலில் சுற்றியது. ராஜா தலைகுப்புறத் தொட்டியில் விழுந்தார்.

கொட்டகை கொல்லென்று சிரித்தது. எழுந்து நின்ற பக்தவச்சலத்தின் டோப்பாவிலிருந்து மை கரைந்து இரண்டு கன்னத்திலும் வழிந்தது. அவன் உதடு கோணிக்கொண்டு போவதைக் கோமளம் பார்த்தாள். படுதாவைப் போட்டுவிடலாம். போட்டால் அந்தப் பையன் ஜன்மத்துக்கும் தொட்டியில் விழுந்த ராஜாதான். அவள் மேலே பார்த்து, "மழை! மழைய உடு!" என்று கையை ஆட்டினாள்.

மழை வந்தது. ராஜா, மந்திரி, கூலிக்காரர்கள் எல்லார் மேலும் கொட்டியது. விஷயம் புரிந்துகொண்ட மந்திரிப் பையன் தானும் தொட்டிக்குள் குதித்தான். கூலிக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை தண்ணீரை அள்ளி ராஜாமேல் இறைத்தார்கள். பக்தவச்சலம் மைமுகத்தோடு சிரித்துக்கொண்டே, "பஞ்சம் போச்சு! பஞ்சம் போச்சு!" என்று கத்தினான். அந்த வசனம் நாடகத்திலேயே கிடையாது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. கோமளம் அந்தக் கைதட்டலின் உச்சத்தில் விசிலை ஊதினாள், படுதா விழுந்தது.

டோப்பா மட்டும் பிழைக்கவில்லை. பிழிந்து பார்த்தபோது ஊறவைத்த தேங்காய் நார் போல இருந்தது. போகட்டும் என்று ஓரத்தில் போட்டுவிட்டு, மேடையைத் துடைக்கச் சொன்னாள். அப்புறம்தான் கேட்டாள்: "சுந்தரமூர்த்தி அண்ணா எங்க? இன்னும் அரிதாரம் பூச ஒக்காரலியா?"

யாருக்கும் தெரியவில்லை. பையன்கள் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிப்பட்டிலிருந்து அவர் மச்சினன் எல்லப்பன் வந்தான், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், எங்கேயோ ஓடினார்கள் என்றார் சமையல்காரர்.

விளக்கேற்றும் நேரத்துக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். முன்னால் எல்லப்பன். பின்னால் வந்தவரைக் கோமளம் யாரோ மலைக்கு வந்த ஆள் என்று நினைத்து, "இது உள்வழிங்க, ஜனங்க போறது அந்தப் பக்கம்" என்றாள்.

"நான்தாம்மா கோமளம்."

பளபளவென்று மொட்டை. அதில் குளிரக் குளிரச் சந்தனம்.

"அண்ணா… இன்னாண்ணா இது?"

"பொண்ணு பொறந்திருக்கும்மா! ஜெயத்துக்குப் பொண்ணு! எத்தன வருஷமாச்சு தெரியுமா? கொழந்த பொறந்தா உடனே முடி தரேன்னு முருகன்கிட்ட வேண்டிகினு இருந்தேன். இவன் வந்து சொன்னான், காலு நிக்கல, மலைக்குப் போய்ட்டேன்."

"பாவாவ நான் நிறுத்திப் பாத்தேங்க," என்றான் எல்லப்பன், மச்சானைக் காட்டி. "காதுலயே வாங்கல."

சுந்தரமூர்த்தியின் மனைவி ஜெயம்மாள் முன்பு இதே சபாவில் பாடிக்கொண்டிருந்தவள். கோமளத்துக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. கோமளத்துக்குக் கண்ணில் நீர் வந்தது. அதே சமயம் இன்றைய நாடகத்தின் நடுக்காட்சியில் எதிரித் தளபதி இந்த ராஜாவின் முடியைப் பிடித்துச் சபை நடுவே இழுத்து வர வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. முடி மலைமேல் இருக்கிறது. டோப்பா தொட்டித் தண்ணீரில் செத்துவிட்டது. பெண் வேஷத்து டோப்பாக்களை எடுத்துப் பார்த்தார்கள். அவருடைய பெரிய தலையில் எதுவும் இறங்காமல், பூசணிக்காய்மேல் கிண்ணம் கவிழ்த்தது போல உட்கார்ந்தது.

தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னிக்கு நாடகம் இல்லன்னு சொல்லிடு. மொட்ட ராஜாவ எவன் பாப்பான்?"

"நிறுத்த வேணாம் நைனா," என்றாள் கோமளம். முதலாளியைச் சபாவில் எல்லாரும் அப்பா மாதிரி நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். "கிரீடத்த கழட்டாமலே ஆடட்டும். ஆறுமுகம் முடியப் புடிக்காம தோளப் புடிச்சி இஸ்துகினு வரட்டும். ஜனங்களுக்குத் தெரியாது."

தளபதி வேஷக்காரன் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, தோள், தோள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆங், தெரியுது, தோளு," என்றான் அவன்.

நாடகம் ஆரம்பமாயிற்று. கிரீடத்துக்குள் துணி வைத்துக் கட்டியிருந்தது. சுந்தரமூர்த்தி அன்று பாடியது போல ஒரு நாளும் பாடியதில்லை. பெண் பிறந்த சந்தோஷம் தொண்டையில் இருந்தது. கோமளம் ஓரத்தில் நின்று ஒவ்வொரு காட்சியையும் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தாள். நடுக்காட்சி. ஆறுமுகம் மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனான். வருஷக்கணக்காகச் செய்து பழகின கை அது. போன வேகத்தில் கிரீடத்தைத் தட்டிவிட்டு, முடியைப் பிடிக்கத் தலைமேல் போனது.

கிரீடம் உருண்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மொட்டை மின்னியது. ஆறுமுகத்தின் கை சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு போய் ராஜாவின் காதில் நின்றது.

கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. கோமளத்தின் விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் தேசப்பன், "ஊது! ஊதித் தொலை!" என்று கிசுகிசுத்தார். ஆனால் அவள் ஜனங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் கோபத்துக்கு முன்னால் கொட்டகை எப்படி அமைதியாகும் என்பது அவளுக்குப் பழக்கம். இது அது இல்லை. இது வேறு.

தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒருவர், அவரும் மொட்டைதான், "அரோகரா!" என்றார்.

பக்கத்து மொட்டை ஒன்று சேர்ந்துகொண்டது. பிறகு பின்வரிசை. பிறகு பெண்கள் பக்கம். கொட்டகையில் பாதித் தலைகள் அன்று காலையில்தான் மலையில் முடி கொடுத்தவை. தங்களைப் போலவே ஒரு ராஜா மேடையில் நிற்பதைக் கண்டு அத்தனை பேரும், "அரோகரா! அரோகரா!" என்று கீற்று அதிரக் கத்தினார்கள்.

கோமளம் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

சுந்தரமூர்த்தி நிமிர்ந்தார். "தளபதி! நீ என் முடியைப் பிடிப்பாய் என்று தெரிந்துதான், அதை முன்னமே என் அப்பனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். வேண்டுமானால் மலையேறிப் போய்க் கேட்டுப் பார்!"

ஆறுமுகம் வாயைப் பிளந்துகொண்டு தன் உள்ளங்கையைப் பார்த்தான். அப்பியிருந்த சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பயபக்தியோடு தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டான். வில்லன் சந்தனம் பூசிக்கொண்டதைப் பார்த்து ஜனம் பெஞ்சின்மேல் ஏறி நின்றது.

"கையக் கட்டு! சிறைக்கு இஸ்துகினு போ!" என்று கோமளம் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தாள். அவன் அப்படியே செய்தான். அவள் ஊதினாள். படுதா விழுந்த பிறகும் வெளியே சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. படுதாக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கோமளம் அடுத்த காட்சிக்கு அவசரப்படுத்த வாயெடுத்தாள்; அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது.

மீதி நாடகத்தை ராஜா கிரீடம் இல்லாமலே ஆடினார். முடிந்ததும் தேசப்பன் ஓடி வந்தார்.

"இனிமே எல்லா ஊர்லயும் இதே மாதிரி ஆடிடுவோம்!"

"இந்த ஊரு ஜனங்க குடுத்தது நைனா இது," என்றாள் கோமளம். "அரக்கோணத்துல ஆடினா மொட்ட மட்டும்தான் தெரியும். வேற டோப்பா வாங்கிக் குடுங்க." தேசப்பன் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் நாடகம் கிடையாது. கோமளமும் சுந்தரமூர்த்தியும் எல்லப்பனோடு பள்ளிப்பட்டுக்குக் கிளம்பினார்கள். கரியில் ஓடும் பஸ் ஒவ்வொரு மேட்டிலும் நின்றது. ராஜபார்ட் உட்பட எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள்.

புருஷனைப் பார்த்ததும் ஜெயம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, சிரிக்க வெக்காதய்யா, வலிக்குது! கொழந்த மாதிரியே கீது தல!"

கோமளம் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். செக்கச்செவேலென்று, உள்ளங்கைச் சூட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுத் தறிச் சத்தம்கூட அதை எழுப்பவில்லை. சுந்தரமூர்த்தி நடு வீட்டில் நின்று, நேற்று நடந்ததை எல்லா வேஷமும் தானே போட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

"நீ இன்னா பண்ண அப்ப?" என்று ஜெயம்மாள் கோமளத்தைக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. விசில வாயில வெச்சுகினு நின்னேன். ஊதலாமான்னு பாத்தேன். வேணாம்னு தோணிச்சு."

"பயமா இல்ல?"

"இருந்திச்சு. ஆனா ஜெயம், அந்த அரோகரா கேட்டுது பாரு… எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துட்டுது."

அதற்குள் சுந்தரமூர்த்தி கதையில் தளபதி வரும் இடத்துக்கு வந்துவிட்டார். இடுப்பில் கை வைத்து, கூரை அதிர ஆறுமுகத்தின் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, ராஜாவை வெளியே துரத்தினார்கள்.