அரக்குச் சேலை

சின்னசாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து வேம்புலியம்மாள் ஒப்பாரியை எடுத்ததும், தோள் கோத்து அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக அழுகையை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்துச் சின்ன மருமகள் ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா, சாவு ஊட்ல சினிமா பாட்டு பாடிக்கினு கீறே?" என்றாள் எதிர்வீட்டு சுசீலா. கேலி இல்லை. புருஷன் போனதில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நிஜமாகவே பயந்துவிட்டாள். போன வருஷம்தான் மேனாம்பேட்டுக்குக் குடிவந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும்?

வேம்புலியின் மகள் வடிவு, பல வருஷத்துக்கு முன்னால், தன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்த வாரமே காய்ச்சலில் செத்தாள். "அரக்குச் சேல எடுத்து வெச்சேன், கட்டிக்கினு போவ நீ இல்லையே" என்று வேம்புலிக்கு அன்று அடிவயிற்றிலிருந்து ஒப்பாரி வந்தது. அப்புறம் விளக்கு வைத்தால் தினமும் வந்தது. பக்கத்துப் போர்ஷனில் ஆர்மோனியத்தோடு குடியிருந்த ரகுநாதன், கோடம்பாக்கத்தில் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. திருட வேண்டும் என்றெல்லாம் நினைத்திருக்க மாட்டான். சுவர் வழியாகக் காதில் ஊறியது விரலில் வந்திருக்கும். மறுவருஷம் டீக்கடை ரேடியோவில் வேம்புலி அதைச் சினிமாப் பாட்டாகக் கேட்டாள். அதே மெட்டு, ஓட்டம் மட்டும் கூடியிருந்தது. அதே சேலை. கடைசி அடிதான் "கட்டிக்கிட்டு ஓடி வா சிட்டுப் பொண்ணே" என்று மாறியிருந்தது. அம்பத்தூரிலிருந்து பாடி வரைக்கும் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு கழுத்தில் தாலி ஏறவில்லை.

"நம்ம பொண்ணு பாட்டு, ஊரே பாடுது. வுடு வேம்புலி" என்பான் சின்னசாமி. விடவும் முடியவில்லை, பாடவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் கூடவே டோலக் சத்தம் வந்தது. மகளுக்கென்று இருந்த ஒரே அழுகையும் போயிற்று. இன்றைக்குத் தன்னை அறியாமல் எடுத்துவிட்டாள். வேறு மெட்டு அவளுக்கு வராது.

சுசீலா கேட்டதும் வாயை மூடியவள்தான். அதன்பின் கட்டியவனுக்கு ஊரார்தான் அழுதார்கள். அவள் சத்தமில்லாமல் மாரில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த தெருவில் திருவேங்கடம் வீட்டுக் கல்யாணம். பிணம் எடுக்கும்வரை மரியாதைக்கு ரேடியோ செட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாடை தெருமுனை திரும்பியது. பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் சேந்தினார்கள். ஸ்பீக்கர் குழாய் கரகரத்தது. எதைப் போடுவார்கள், அதைத்தான் போட்டார்கள்.

"நிறுத்தச் சொல்ட்டு வரேங்க்கா" என்று சுசீலா ஓடப் பார்த்தாள். அதற்குள் அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

வேம்புலி அவள் கையைப் பிடித்தாள். "வோணாம்டி. பாடட்டும்."

தண்ணீர் ஓடும் தரையிலேயே உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்கு அடியில் அவளும் எடுத்தாள். கடைசி அடியில் குழாய் 'ஓடி வா' என்றது. அவள் 'நீ இல்லையே' என்றாள். கையைப் பிடித்து நின்ற சுசீலாவுக்குக்கூட உதடு அசைந்ததுதான் தெரிந்தது.