தொப்பைக்குக் கிடைத்த மைக்

“அப்ப தொப்பைக்குத்தான் மைக்கு குடுக்கிறீங்க, அப்படித்தானக்கா?”

பாண்டியம்மாள் அக்கா சிரித்துவிட்டார். செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே இயங்கும் எங்கள் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்துக்குத் தலைவி அவர்தான்.

“கோவிச்சுக்காத ஹரிஷு. நாளைக்கு எழுமலைக் கூட்டத்துல, மாத்திரை சாப்பிட்டா நல்லா வாழலாம்னு சொல்லப் போறோம். ஒட்டிப்போன கன்னத்தோட நீ போயி நின்னா எவன் நம்புவான்? உமேஷைப் பாரு, புதுமாப்பிள்ளை கணக்கா இருக்கான்.”

இத்தனை நாளும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவன் நான். திருவாதவூரில் என் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பமே சோதனைக்கு வந்தது. உமேஷ் அண்ணனுக்குப் பேசவே வராது. என் பேச்சுக்கு நடுவே மேடையில் ஏறி வயிற்றைத் தட்டுவார். “செத்துருவான்னானுங்க. இப்பப் பாருங்க.” அவ்வளவுதான், கைதட்டல் அள்ளும். எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தவர்களையே பார்த்த எங்களுக்குத் தொப்பை என்றால் தங்கம் மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது.

நேராக டாக்டரிடம் போனேன். “சார், நானும் உமேஷ் அண்ணனும் ஒரே மாத்திரைதான் சாப்புடுறோம். அவருக்கு மட்டும் உடம்பு வச்சிருக்கு. எனக்கும் வைக்கிற மாதிரி எதாச்சும் குடுங்க.”

அவர் என் கன்னத்தையும், நரம்பு புடைத்த கையையும் பார்த்தார். “உனக்குக் கன்னத்துக் கொழுப்பு கரையுது. அவருக்கு வயித்துல சேருது. ரெண்டுமே மருந்தால வந்ததா இருக்கலாம். உனக்கு வேற மாத்திரை பாப்போம், நீயா நிறுத்திராத. முதல்ல அவரை வரச் சொல்லு. ரத்தத்துல கொழுப்பு, சர்க்கரை, இதயம் எல்லாம் பாக்கணும். அவருக்கு சிகரெட் உண்டா?”

உண்டு. நிறையவே உண்டு.

வெளியே வந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அந்தத் தொப்பையும் ஒரு கோளாறுதான் என்று. செல்லூர் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை அது இருந்தது. அப்புறம்தான், போன வாரம் நாற்காலி தூக்கிக்கொண்டு மாடி ஏறிய உமேஷ் அண்ணன் பாதியிலேயே உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. “வாயுடா, வெறும் கேஸு” என்றிருந்தார்.

சங்கத்து வாசலிலேயே அவரைப் பிடித்தேன். “அண்ணே, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருங்க. இந்தத் தொப்பை நெஞ்சுக்கு ஆபத்தா இருக்கலாமாம். டாக்டர் கூப்புடுறாரு.”

“எழுமலைக் கூட்டத்துக்கு முதல் நாள் பாத்துத்தான் சொன்னாராக்கும்?”

“சத்தியமாண்ணே.”

“எனக்கு டெஸ்ட்டு, உனக்கு மைக்கு. அம்புட்டுதானடா மாப்ள?” தோளில் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

டாக்டர் சொன்னதும் நிஜம், எனக்கு அந்த மைக் வேண்டும் என்பதும் நிஜம். அது அவருக்கும் தெரியும். நாளைக் காலை வேன் கிளம்பும்போது, எல்லார் முன்னாலும் “இனி நான் மேடையே ஏற மாட்டேன், நீங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாங்கண்ணே” என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் மைக்கை விட எனக்கு மனசில்லை. அப்படிச் சொன்னாலாவது நம்பி வருவாரா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்களேன்?