புத்தூர் வரைக்கும்

"டி.சி. ரெண்டு மாதிரி இருக்கும்மா" என்றார் சுரேஷ்பாபு. திருப்பதியில் பிரித்திகா படித்துக்கொண்டிருந்த என்ஜினியரிங் கல்லூரியின் அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதித் தருகிறவர் அவர்தான். பாதி தெலுங்கு, பாதி தமிழ். "ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி நீயா எழுதிக் குடுத்துட்டா, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்'னு போடுவோம். ரிசல்ட் வந்த பிறகுன்னா, 'தேர்ச்சியின்மையால் நீக்கப்பட்டார்'. அதே பேப்பர், அதே சீல். ஒக்க லைன், அந்த ஒரு வரிதான் வேற."

"ரிசல்ட் எப்ப சார்?"

"சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள நான்னகாரு, உங்கப்பா, வரணும். அட்மிஷன்ல கையெழுத்து போட்டவரே நேர்ல வந்து போடணும். வாட்ஸ்அப்ல அனுப்பறது, மாமா வர்றாரு, சித்தப்பா வர்றாரு, அதெல்லாம் லேது. போன வருஷம் ஒருத்தன் ஆட்டோக்காரரைப் புடிச்சிட்டு வந்து அப்பான்னான். ஆட்டோக்காரருக்குப் பையன் பேரே தெரியல."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பிரித்திகாவால் முடியவில்லை.

ரிசல்ட் எப்படி வரும் என்பது அவளுக்குத் தெரியும். கடைசிக் கணக்குத் தாளில் ஓரத்துக்குக் கோடு போட்டதைத் தவிர அவள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கோடு மட்டும் நேராக இருந்தது. இரண்டு வருடமாகப் பாடங்கள் தேறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுபோய், இந்தத் தேர்விலும் தவறினால் நீக்கம் என்ற இடத்துக்கு வந்திருந்தாள்.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் சித்தூருக்குப் பஸ் ஏறிப்போய், அங்கே ஒரு டிகிரி கல்லூரியில் சரித்திரப் பிரிவின் தலைவி தேவயானியைப் பார்த்துவிட்டு வந்தாள். "இடம் இருக்கு, வாம்மா" என்று அந்த அம்மாள் சொன்னார். "ஆனா நீயா விலகி வரணும். இன்னொரு காலேஜ்ல நீக்கினவங்களை இங்க சேர்க்கிறதில்ல. அது ரூல்." திரும்பி வரும்போது புத்தலப்பட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. நிலக்கடலைக் கொல்லைகளுக்கு மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தூரில் எட்டிப்பார்த்த சரித்திர வகுப்பறையில் எந்த பெஞ்சில் உட்காருவது என்று அவள் அப்போதே முடிவு செய்தாள். கடைசிக்கு முந்தின பெஞ்சு, ஜன்னல் ஓரம். அந்த இரண்டு வருடத்தில் தன் இடம் என்று அவள் நினைத்தது அது ஒன்றைத்தான்.

சுரேஷ்பாபுவிடம் பேசிய அன்று மாலை நகரியில் வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா மனோரமா எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பின்னால் தறிகளின் சத்தம். பாலசுந்தரம் நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவர். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம்.

"காப்பு கட்டிக்கினு கீறேன் பாப்பா. எப்பிடி வர்றது?"

அது அவளுக்கும் தெரிந்ததுதான். அவர்கள் தெருவில் கங்கம்மா கோயிலில் ஜாத்திரைத் திருவிழா சாட்டியிருந்தார்கள். சாட்டியபின் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். காப்புக் கட்டிக்கொண்டவர்கள் ஜாத்திரை முடியும்வரை ஊர் எல்லையையே தாண்டக்கூடாது.

"சித்தூர்ல வேற காலேஜ்ல இடம் கீது, ஒரே ஒரு கையெழுத்து நைனா. காலைல வந்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம்."

"ஆத்தா சும்மா வுடுமா? உனக்கோசரம்தான் கட்டிக்கினேன். எல்லாப் பாடமும் நீ பாசாவணும்னு."

போனை வைத்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்குகள் வரிசையாக மேலே ஏறிப்போயின. அவரவர் வேண்டுதலோடு எத்தனையோ பேர் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். தன்னை முன்வைத்தும் ஒரு வேண்டுதல் இருக்கிறது. அதுவே தன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

நேரில் போய்க் காலில் விழுந்தாவது கேட்பது என்று வியாழக்கிழமை மதியம் நகரி பஸ்ஸில் ஏறினாள். புத்தூரில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே, எரிந்த மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டித் தரும் கடை வாசலில், ஒரு சாக்குமூட்டையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடித்திருந்த கையில், மஞ்சள் துண்டு முடிந்த காப்புக் கயிறு.

இறங்கிப் போய் எதிரில் நின்றாள்.

"நீ எங்க இங்க?" என்றார் அவர்.

"நீ எங்க நைனா இங்க?"

"மோட்டார் எரிஞ்சிபோச்சு. ரெண்டு தறி நின்னுக்கினு கீது. காலைலயே வந்து கட்டி வாங்கிட்டேன், இதான் சாக்குல கீது. பூசாரிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். பொழுது சாயறதுக்குள்ள திரும்பிட்டா தோசம் இல்லன்னாரு."

"அப்ப மோட்டாருக்கு எல்லை தாண்டலாம்."

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கருந்து திருப்பதி ஒரு மணி நேரம்தான் நைனா. இப்ப ஏறினாகூட ஆபீஸ் தொறந்துதான் இருக்கும். பொழுது சாயறதுக்குள்ள வூடு திரும்பணும்னா நாளைக்குக் காலைலயே வா. அதே பூசாரிதானே?"

"காப்புக்கோசரம் இல்ல" என்றார் அவர். முதல்முறையாகச் சத்தமில்லாமல் பேசினார். "நான் கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன்?"

"வயசுப் பொண்ணு ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல இருந்துட்டு, நடுவுல தானா வுட்டுட்டு வந்தா தெருவுல இன்னா பேசுவானுங்க? படிப்பு வரலன்னா பேசுவானுங்க? எவன்கூடவோ என்னவோ ஆயிடுச்சு, அதான் அப்பன் போய் எழுதிக் குடுத்து இட்டுக்கினு வந்துட்டான்னு பேசுவானுங்க. பெயிலு அப்பிடி இல்ல. பெயிலு எல்லார் வூட்லயும் கீது. எதிர்வூட்டுக் கன்னிகா மவன் சிரஞ்சீவி பெயிலு. நான் பத்தாவுல பெயிலு. யாராச்சும் இன்னா ஏதுன்னு கேட்டாங்களா?"

"பெயிலாயிட்டா சித்தூர்ல சேர்த்துக்க மாட்டாங்க நைனா. அந்த ஒரு லைனுக்குத்தான் கேட்டுக்கினு கீறேன்."

"சித்தூரு எங்கயோ கீது. தெரு இங்க கீது."

"நான் தெருவுலயா படிக்கப் போறேன்?"

"தெருவுலதான் இருக்கப் போற."

திருப்பதி பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "திருப்பதி, திருப்பதி" என்று கூவினார். பிரித்திகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மோட்டாரையும் ஏத்திக்கலாம் நைனா. நான் தூக்கிக்கினு வரேன்."

அவர் எழுந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி" என்றார். அவள் குனிந்து பிடித்தாள். ஒரு கணம் அவர் திருப்பதி பஸ்ஸைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு, பின்னால் நின்ற நகரி பஸ்ஸை நோக்கி நடந்தார். சாக்கின் மறுமுனையைப் பிடித்திருந்ததால் அவளும் நடந்தாள். பாதியில் விட்டால் மோட்டார் அவர் காலில் விழும். விடலாமா என்றுகூட நினைத்தாள். விடவில்லை. கைகளில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க நான்கு தறிகளும் ஓடின. மாலையில் ஆபீஸ் மூடும் நேரத்தில் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, "துன்னு" என்றாள்.

"நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா."

"சொன்னேன். என்னிக்கு என் பேச்சு இந்த வூட்ல ஏறிச்சு?" என்று அம்மா தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ரிசல்ட் வந்தது. அடுத்த வாரம் சுரேஷ்பாபு டி.சி.யை நீட்டியபோது, "நான்னகாரு ராலேதா, வரலையா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இப்போது கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை. நீக்குவதற்கு யாரும் வரவேண்டியதில்லை.

அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே சித்தூர் போனாள். தேவயானி படித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நீயா விலகறேன்னுதானே சொன்ன?"

"நானாத்தான் மேடம் விலகினேன். இதுல அப்பிடி எழுதல."

"நான் இதுல எழுதியிருக்கிறதைத்தானே பார்க்க முடியும்" என்றார் அவர். கோபம் இல்லாமல்தான் சொன்னார். வெளியே வரும்போது வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. கடைசிக்கு முந்தின பெஞ்சில், ஜன்னல் ஓரத்தில், ஒரு பையன் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜாத்திரை முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள், எதிர்வீட்டுக் கன்னிகா துக்கம் கேட்க வருகிறவள்போல் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தெருவில் ஒரு செய்தி கன்னிகாவிடம் போனால் மற்ற வீடுகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பாலசுந்தரம் உற்சாகமாகவே ஆரம்பித்தார்.

"காலேஜ்காரனுங்க பண்ண வேலை. இப்பெல்லாம் பேப்பரை எவன் படிச்சித் திருத்தறான்? பக்கத்தை எண்ணிப் பார்த்துட்டு மார்க்கு போடறானுங்க."

"அதுக்கு இன்னா இப்ப?" என்றாள் கன்னிகா. "எங்க சிரஞ்சீவி பெயிலாவலயா? செல்போன் கடை வெச்சிக்கினு கீறான். நல்லாத்தான் துன்றான், நல்லாத்தான் தூங்கறான். கடையைத்தான் தொறக்க மாட்டேன்றான்."

அப்பா சிரித்தார். அம்மாகூடச் சிரித்தாள். எல்லாம் அவர் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

கன்னிகா பிரித்திகாவின் பக்கம் திரும்பி அவள் கையைத் தடவினாள். "எத்தினி பேப்பர்மா போச்சு?"

"பேப்பர் கணக்கெல்லாம் இல்ல அத்தை. காலேஜ்காரங்க ஒண்ணும் பண்ணல. நானாத்தான் வுட்டுட்டேன்."

"பாப்பா" என்றார் அப்பா.

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே. எனக்கே வேணாம்னு தோணிச்சு, வுட்டுட்டேன்."

அம்மா எழுந்தவள் அப்படியே நின்றாள். கன்னிகா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தடவிக்கொண்டிருந்த கை நின்றது. முகத்திலிருந்து துக்கம் போய் ஒரு வெளிச்சம் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"யாரும்மா பையன்?"

பாலசுந்தரம் எழுந்து யாரையும் பார்க்காமல் தறிக்கொட்டகைக்குள் போனார். புத்தூரில் கட்டி வாங்கிவந்த மோட்டார் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.