மிச்சத் தாளம்

மெயின் சுவிட்சை ஹெப்சிபா மறுபடியும் மேலே தள்ளினாள். ஹாலில் ஃப்ரீசர் பெட்டி உறுமத் தொடங்கியது. வாசலில் சிங்காரவேலின் கிட்டார் ஆம்ப் ஒருமுறை பொருமியது. அடுத்த நொடி இரண்டும் சேர்ந்து அணைந்தன.

"ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கறோம்னு பேரு. ஒரு பொட்டியையும் ஒரு கிட்டாரையும் சேத்துத் தாங்க மாட்டேங்குது இந்த குவார்ட்டர்ஸ்" என்றார் சிங்காரவேல், வேப்பமரத்தடியிலிருந்து. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத பாப்பா."

"அப்பா இருந்தா இதையேதான் சொல்லியிருப்பார் அங்கிள்."

அனல் மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்ப்பவள் ஹெப்சிபா. எவ்வளவு லோடு தாங்கும், எங்கே அறுத்துக்கொள்ளும் என்பது அவளுக்குக் கைவந்த விஷயம். ஆம்பின் ஒயரைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைப் போட்டாள். பெட்டி மட்டும் ஓடியது. கண்ணாடிக்கு அடியில் அவள் அப்பா துரைராஜ் கல்யாணக் கோட்டுடன் படுத்திருந்தார். கோட்டு தோளில் பெரிதாக இருந்தது. தலைமாட்டில் அம்மா ரூபாவதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன்னால் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். ஹெப்சிபா முடிவு செய்திருந்தது அவ்வளவுதான்.

பாட்டு எண்பதுகளின் நடுவில் போட்டது. டிரம்ஸ் துரைராஜ். கிட்டார் முத்தாண்டிக்குப்பம் சிங்காரவேல். பாடுவதும் பேஸ் கிட்டாரும் நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்த எட்வின். மூன்று பேரும் மைன்ஸில் பெர்மனென்ட். நிலக்கரிக்கு மேலே வெட்டித் தள்ள வேண்டிய மண்ணை அங்கே ஓவர்பர்டன் என்பார்கள். அதையே தங்கள் இசைக்குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். கிறிஸ்தவ ராக் என்று ஒன்று இருப்பதே டவுன்ஷிப்பில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத காலம்.

மூவருக்கும் மூன்று ஷிப்ட். ஷிப்ட் மாறினால் மூவருக்கும் சேர்ந்தே மாறியது. அதனால் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததே இல்லை. மெயின் பஜாரில் பீர் முகமதுவின் ரெக்கார்டிங் கடையில் இரண்டாம் ஷிப்ட் வரும் வாரம், காலையில் துரைராஜ் வெறும் டிரம்ஸை மட்டும் வாசித்துவிட்டு வேலைக்குப் போவார். முதல் ஷிப்ட் முடித்து வரும் சிங்காரவேல் அந்த டேப்பை ஓடவிட்டு, அதன் மேல் கிட்டாரை வாசித்து இன்னொரு டேப்பில் ஏற்றுவார். இருட்டிய பிறகு, நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் எட்வின் வந்து பாடுவார். அப்படிச் சேர்ந்தவைதான் அத்தனை பாட்டும்.

அந்த டேப்பை இரண்டு மாதங்களுக்கு முன்னால் கண்டெடுத்தவன் பீர் முகமதுவின் மகன் ஜுல்பிகர். யாரும் கவனிக்காமல் விட்ட பழைய கிறிஸ்தவ ராக் குழுக்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றுவது அவன் வேலை. சம்பளமில்லாத வேலை. வேலூர், கோட்டயம், ஷில்லாங் என்று எங்கெங்கோ அலைந்து டேப் சேர்த்தவன், கடைசியில் தன் வீட்டுப் பரணிலேயே ஒன்றைப் பார்த்தான். போன ஞாயிறு அவன் முதன்முறை வீட்டுக்கு வந்தபோது ஹெப்சிபா நேரடியாகவே கேட்டாள்.

"நீங்க முஸ்லிம். உங்களுக்கு எதுக்குங்க இது?"

"பாட்டு யாருதா வேணா இருக்கட்டுங்க்கா. டேப்பு எங்க அத்தாவுது" என்றான் ஜுல்பிகர்.

அன்று துரைராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிரேசிலில் எல்லாம் கேட்கிறார்கள் என்று ஜுல்பிகர் சொன்னதற்கு அவர் அசைந்து கொடுக்கவில்லை. "ஹை-ஹேட் தட்டு லூசா இருந்திருக்கு. எவனும் சொல்லல" என்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மூணு பேரும் ஒண்ணா வாசிச்சா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது தம்பி" என்றார். மற்ற இருவருக்கும் அன்றே போன் போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் என்று முடிவானது. ஒரு பள்ளிக்கூடத்து டிரம்ஸ் செட்டைக்கூட ஹெப்சிபா கேட்டு வைத்திருந்தாள். துரைராஜ் அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் விழுந்தார்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. சபைச் செயலாளர் கனகராஜ் இறங்கினார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கேட்டைத் திறந்தவர் உள்ளே வராமல் கேட்டின் நடுவிலேயே நின்றுகொண்டார். பின்னால் வந்த பூமாலைக்காரர் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது.

"என்ன ஹெப்சி, மரத்தடியில கிட்டாரெல்லாம் தெரியுது?"

"அப்பா பாட்டு அங்கிள். ஐயர் ஜெபம் முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு."

"எந்தப் பாட்டு?"

"அவங்க போட்டது எத்தனையோ. நீங்க தடை பண்ணது ஒண்ணுதானே?"

கனகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாலிபர்கள் சிலர் அந்தப் பாட்டைக் கோயில் மைக் செட்டில் போட்டுவிட்டார்கள். மண்ணுக்கடியில் கரி, கரிக்கடியில் தண்ணி, தண்ணிக்கும் கீழே உன் கை, எல்லாத்தையும் தாங்குற கை என்று போகும் அது. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை. கரிக்குக் கீழே தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது, பம்ப் ஓடாவிட்டால் சுரங்கம் இல்லை. ஆனால் சபைக் குருவான அன்றைய ஐயர் சுரங்கம் பார்த்தவரில்லை. உன்னதத்தில் இருக்கிறவரைப் பாதாளத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தவன் யார் என்று பிரசங்க மேடையிலிருந்தே கேட்டார். கமிட்டி கூடியது. அந்தப் பாட்டை சபை சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்திலும் இசைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. துரைராஜின் டிரம்ஸ் அந்த வருடமே கைமாறிப் போனது. அவர் கோயிலை விடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"இப்ப கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துலேயே டிரம்ஸ் செட் வெச்சிருக்கீங்க" என்றாள் ஹெப்சிபா.

"டிரம்ஸ் வேறம்மா. தீர்மானம் பாட்டு மேல. அத யாரும் ரத்து பண்ணல."

"ரத்து பண்ணுங்க."

"கமிட்டி கூடணும். கோரத்துக்கு ஆள் வேணும்." அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "துரைராஜ் அண்ணன் எனக்கும் வேண்டியவர்தான். ஆனா பாட்டு வாசிச்சா, குருசும் பாடகர் குழுவும் வண்டிக்கு முன்னால வராது. நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

ஹாலுக்குள் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். சிலுவை முன்னே போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது என்றால் என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தூக்குப் போட்டுக்கொண்டவர்களைத்தான் அப்படி எடுத்துப் போவார்கள். ஹெப்சிபா அம்மாவைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பாட்டு வேண்டும். அம்மாவுக்குக் குறையில்லாத அடக்கம் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க அவளுக்கு மனமில்லை.

"வேணாம் பாப்பா" என்றார் சிங்காரவேல், கிட்டாரை உறைக்குள் வைத்தபடி. "எங்கூர்ல என்னை ஏற்கெனவே மதம் மாறுனவன்னு சொல்லிகினு இருக்கானுங்க. நான் சாமிய மாத்தல, ஷிப்ட மாத்திக்கினேன்னு சொல்லி சொல்லியே கெழவனாயிட்டேன். இங்க இப்படி. நீ ஆத்தாவப் பாரு."

"அவன் சொல்லுறதும் சரிதான் மக்களே" என்றார் எட்வின் ஹெப்சிபாவைப் பார்த்து.

ரூபாவதி கண்ணாடியைத் துடைத்து முடித்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கனகராஜு தம்பி, அந்தக் குருசு எவ்ளோ கனம் இருக்கும்?"

"கனம்லாம் இல்லக்கா. தேக்கு. ஏன்?"

"நான் புடிச்சிக்கினு போறேன். கோயிலு பூட்டியிருந்தா சாவி குடு. இல்லன்னா வேலியில ரெண்டு சவுக்குக் கம்பு கெடக்கு, கட்டிக்கறேன்."

"பொம்பளைங்க குருசு தூக்கறது வழக்கமில்லியேக்கா."

"அதுக்குத் தீர்மானம் இருக்கா?"

கனகராஜ் யோசித்தார். நேர்மையான மனிதர். "இல்ல."

"அப்ப சரி." மகள் பக்கம் திரும்பினாள். "ஹெப்சி, எத ஆஃப் பண்ணணுமோ ஆஃப் பண்ணு."

பண்ருட்டியிலிருந்து வந்த இளம் ஐயர் ஜெபத்தை முடித்து, வேதப்புத்தகத்தை மூடி, பாட்டா, தாராளமாக என்பதுபோலத் தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பிறப்பதற்கு முன்னால் போட்ட தீர்மானம் அது. கனகராஜ் மட்டும் கேட்டிலேயே நின்றார், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

ஹெப்சிபா ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். காலையிலிருந்து வீட்டை நிறைத்திருந்த உறுமல் நின்றதும், வேப்பமரத்தில் அணில் கத்துவது கேட்டது. அதே பாயின்டில் ஆம்பைச் செருகினாள். இந்த முறை எதுவும் அறுத்துக்கொள்ளவில்லை.

"முழுப் பாட்டு இல்ல, முத டேப்பைப் போடப்போறேங்க்கா" என்றான் ஜுல்பிகர், ஸ்பீக்கரை லேப்டாப்பில் பொருத்தியபடி. "வெறும் டிரம்ஸ் மட்டும். அத்தா இந்த மாதிரி டிரம்ஸ் டேப்பையெல்லாம் அழிச்சி அழிச்சி மறுபடி யூஸ் பண்ணுவார். இத மட்டும் எப்படியோ விட்டுட்டார். ஒண்ணு மட்டும், ஓடி முடியற வரைக்கும் நிறுத்தச் சொல்லாதீங்க."

"தாளம் அவன் குடுத்துட்டான்" என்றார் எட்வின், பேஸ் கிட்டாரின் வாரைத் தோளில் ஏற்றி. "நாம ஏறிக்கிட வேண்டியதுதான். எப்பவும் அப்படித்தானல்லா."

ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து ஓர் இளைஞனின் குரல், மூக்கடைத்துக்கொண்டு: ஒன்... டூ... ஒன், டூ, த்ரீ.

"சளி" என்றாள் ரூபாவதி. "அன்னிக்கு அவருக்கு சளி."

டிரம்ஸ் விழுந்தது. அவசரமில்லாத, கனமான அடி. சுரங்கத்தின் பக்கெட் வீல் எந்திரம் ஒரு சுற்று சுற்றி மண்ணை அள்ளுவதுபோல. ஹை-ஹேட் உண்மையிலேயே லூசாகத்தான் இருந்தது. சிங்காரவேலின் விரல்கள் முதல் இரண்டு சுற்றில் தடுமாறின, மூன்றாவதில் பிடித்துக்கொண்டன. எட்வின் கண்ணை மூடிப் பாடினார். உச்சத்தில் குரல் உடைந்தது. அதைச் சரிசெய்யப் பார்க்காமல் அப்படியே மேலே போனார். தெருவில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். எதிர் குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆள் பனியனோடு வெளியே வந்து கைகட்டி நின்றார்.

ஹெப்சிபா கதவில் சாய்ந்து கேட்டாள். இந்தப் பாட்டை வீட்டில் அப்பா சாப்பாட்டுத் தட்டில் தட்டிக் கேட்டிருக்கிறாள், தட்டுக்கு அடி விழுகிறதே என்று எரிச்சல்பட்டிருக்கிறாள். அது இவ்வளவு நல்ல பாட்டு என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

எட்வின் கடைசி வரியைப் பாடி முடித்தார். சிங்காரவேல் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். டிரம்ஸ் நிற்கவில்லை.

யாரோ ஜுல்பிகரைப் பார்த்தார்கள். அவன் அசையவில்லை.

"எப்பவும் கொஞ்சம் கூடுதலா வாசிச்சு வைப்பான்" என்றார் எட்வின் மெல்ல. "நாங்க எங்க முடிப்போம்னு அவனுக்குத் தெரியாதுல்லா."

மிச்சத் தாளம் தனியாக ஓடியது. பாட்டு இல்லாமல், துணை இல்லாமல், அதே நிதானத்தில். ஐயர் எழுந்து நின்றார். ரூபாவதி பெட்டியின் மேல் கை வைத்திருந்தாள். விரல் தட்டவில்லை, வெறுமனே இருந்தது.

பிறகு ஒரே அடியில் முடிந்தது. குச்சிகளைக் கீழே வைக்கும் சத்தம். "பாய், டைமாச்சி. வரேன்" என்ற அதே மூக்கடைத்த குரல். யாரோ ஏதோ பதில் சொன்னது தெளிவாக இல்லை. டேப்பில் செருப்புக் கால்கள் நடந்தன. சைக்கிள் ஸ்டாண்டை உதைத்து எடுக்கும் ஓசை கேட்டது. அடுத்து மணி, இரண்டு முறை.

கேட்டின் நடுவில் நின்றிருந்த கனகராஜ், திரும்பிப் பார்க்காமலேயே, சைக்கிள் போகும் அளவுக்கு ஒதுங்கி நின்றார்.